தோள் வரை மட்டும்

இடுப்பு மூட்டை மாற்றிய பின் எனக்கு ஒரே விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: செங்கோணத்துக்கு மேல் இடுப்பு மடங்கக் கூடாது. மடங்கினால் புதிய மூட்டு குழியை விட்டு விலகலாம், மறுபடியும் கத்தி. விசையியல் கற்பித்தே முதுமையடைந்தவனுக்கு அந்த விளக்கம் ஒரு முறை போதும் என்று எண்ணியிருந்தேன்.

அமெரிக்காவில், பிளானோ நகரில் நான் சென்றுவந்த சிகிச்சைக் குளத்தில் நீர் வெதுவெதுப்பாக, மார்பளவு நிற்கும். பாரம் குறைவதால் கைத்தடியின்றி நடக்க முடிந்தது. கரையில் மகள் லேப்டாப்புடன் அமர்ந்திருந்தாள். நீரில் என்னருகே, முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட சென்னைக்காரர் ஒருவர், என்னைவிட இளையவர், கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். நடை முடிந்ததும் சிகிச்சையாளரான இளம்பெண், கம்பியைப் பிடித்தபடி முழங்கால்களை லேசாக மடக்கச் சொன்னார். நீர் தோள் வரை வரட்டும், அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

நீர் தோளைத் தொட்டது. என் வலக்கை கம்பியை விட்டு மூக்கைப் பொத்தியது. முழுகினேன். எழுந்து மறுபடியும் முழுகினேன்.

அடுத்து எழுந்தபோது சிகிச்சையாளர் என் இரு தோள்களையும் இறுகப் பற்றியிருந்தார்.

"என்ன அங்கிள், ராமேஸ்வரம்னு நெனச்சுட்டீங்களா? ஹிப் கழண்டுக்கும்!" என்று சிரித்தார் சென்னைக்காரர்.

மகள் ஓடிவந்தாள். "அப்பா, ஆர் யூ ஓகே? பெண்ட் பண்ணக் கூடாதுன்னு தெரியும்ல? ஏன் பண்ணீங்க?"

ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. மூக்கைப் பொத்திய கையை நான் இன்னும் எடுத்திருக்கவில்லை. அது யாரோ ஒருவருடைய கையைப்போல் இருந்தது.

எனக்கு அறுவை நடந்த மறுநாள், என்னைப் பார்க்க மருத்துவமனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவியின் இதயம் நின்றுவிட்டது. தகனத்துக்கு என்னைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றார்கள். மகள்தான் தகன உலையின் பொத்தானை அழுத்தினாள். வீடு திரும்பி எல்லோரும் தலைக்குக் குளித்தார்கள். காயம் நனையக் கூடாது என்பதால் என்னை மட்டும் ஈரத் துண்டால் துடைத்துவிட்டார்கள். சடங்குகளில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அதை ஒரு குறையாகவும் நான் கருதவில்லை. என் உடல் கருதியிருக்கிறது, என்னிடம் கேளாமலே.

சிகிச்சையாளர் என் காலை மெல்ல நீட்டி, அசைத்துப் பார்த்தார். மூட்டு இடத்திலேயே இருந்தது.

"அம்மாவுக்கு நான் குளிக்கவே இல்லையேம்மா," என்றேன். "மூணு முழுக்கு போடணும். இன்னொண்ணு பாக்கி."

சென்னைக்காரரின் சிரிப்பு நின்றது. "சாரி அங்கிள்," என்று சொல்லி மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் சிகிச்சையாளரிடம் ஆங்கிலத்தில் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். பிறகு அலுவலக உடையோடு குளத்தின் விளிம்பில் மண்டியிட்டாள்.

"குனியாதீங்கப்பா. நேரா நில்லுங்க."

இரு கைகளாலும் நீரை அள்ளி என் தலையில் விட்டாள். பாதி அவள் சட்டைக் கையிலேயே வழிந்தது. குளோரின் கண்ணைக் கரித்தது.

"போதுமாப்பா?"

தெரியவில்லை என்றேன். அவள் மறுபடியும் அள்ளினாள்.