எம்.கே.பி. நகரில் ஒரு நட்சத்திரச் சாவு

எங்கள் பிளாக்கின் மொட்டை மாடிக்கு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போன அன்றே அது பீரங்கி என்று பேச்சு கிளம்பிவிட்டது. மறுநாள் அது சோலார் ஹீட்டர் ஆனது. அதற்கும் மறுநாள், மணலிப் பக்கமிருந்து வரும் நாற்றத்தை உறிஞ்சுகிற மெஷின் என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் மேலே வந்து தங்கள் ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். அன்றிலிருந்து நான் திமிர் பிடித்தவள்.

பகலெல்லாம் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில், எந்தப் பெட்டி எங்கே கிடக்கிறது என்று தேடிச் சொல்வது என் வேலை. லாரி டிரைவர்கள் கத்துவார்கள். நானும் கத்துவேன். சாயங்காலமானால் கத்தாத எதையாவது பார்க்க வேண்டும் போலிருக்கும். அதற்காகத்தான் யாரோ வைத்திருந்த பழைய டெலஸ்கோப்பை வாங்கினேன். என் வீட்டுக்காரர் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். கோணியில் சுற்றி அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான்.

"இத்த வெச்சி இன்னா பண்ணப் போற?"

"வானத்தப் பாப்பேன்."

"சும்மா பாத்தாவே தெரிதே."

அத்தோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டார். நல்ல மனிதர்.

அந்த வருஷம் வைகாசியில் செய்தி வந்தது. சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கத்தில் இருக்கும் தூரத்துக் கேலக்ஸி ஒன்றில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது. சூப்பர்நோவா என்பார்கள். பெரிய நட்சத்திரம் சாகும்போது அமைதியாகச் சாகாது, ஊரைக் கூட்டிவிட்டுத்தான் சாகும். அந்த வெளிச்சம் இங்கே வந்து சேர இரண்டு கோடி வருஷம் பிடித்திருக்கிறது. எங்கள் யார்டுக்குக்கூட எந்தப் பெட்டியும் அவ்வளவு லேட்டாக வந்ததில்லை.

உலகம் முழுக்க என்னைப் போன்ற வேலையற்ற வேலைக்காரர்கள், புதிதாக வெடித்த நட்சத்திரம் தினம் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று பார்த்து ஒரு குழுவுக்கு அனுப்புவோம். முறை சுலபம். பக்கத்திலேயே, பிரகாசம் ஏற்கெனவே தெரிந்த நட்சத்திரங்கள் சில இருக்கும். இவளைவிட மங்கல், அவளைவிடப் பளிச் என்று ஒப்பிட வேண்டும். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் அத்தைகள் செய்வதுதான். நான் ஒப்பிட்ட மூன்றுக்கும் பெரியக்கா, நடு அக்கா, கடைக்குட்டி என்று பெயர் வைத்திருந்தேன். வெடித்தது நடு அக்காவுக்கும் கடைக்குட்டிக்கும் நடுவில் இருந்தது.

மனசுக்குள் ஒரு சபதம் போட்டேன். என் டெலஸ்கோப்பில் தெரிகிற கடைசி நாள்வரை இதைப் பார்த்துவிடுவது. நான் எதையும் கடைசிவரை பார்த்தவள் இல்லை. தையல் கிளாஸ் பாதி, டைப்பிங் பாதி. சினிமாவுக்குப் போனால்கூட, கூட்டத்தில் வண்டியை எடுக்க முடியாது என்று கிளைமாக்ஸுக்கு முன்னாலேயே என்னை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார் அந்த நல்ல மனிதர். இதையாவது முழுசாகப் பார்க்க வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது.

எங்கள் வானத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை. நான் பார்க்க வேண்டியது வடக்கே. வடக்கே மணலி. அங்கே எண்ணெய் ஆலைக் குழாய் உச்சியில் கோபுர உயரத்தில் எரிகிற தீ, வானத்தின் அடிப்பக்கத்தை ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் வைத்திருக்கும். அதற்கப்பால் அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகை. அந்தக் கேலக்ஸியே எனக்குத் தெரியவில்லை. கோடானுகோடி நட்சத்திரம் இருக்கும் ஊர் கண்ணில் படவில்லை, அதில் செத்தவன் மட்டும் தெரிந்தான்.

சில நாள் நிம்மதியாகப் போயிற்று. பிறகு எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி வந்தார். மின்சார ஆபீசில் வேலை, பௌத்தர், மூடநம்பிக்கை என்றால் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்.

"எதிர் பிளாக்குல கம்ப்ளெய்ண்ட் வந்துகீதும்மா. நீ அவுங்க வூட்டு ஜன்னலப் பாக்குறியாம்."

"அவுங்க வூட்ல பாக்குறதுக்கு இன்னாண்ணா கீது?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் மொட்டை மாடிக் கதவில் பூட்டு தொங்கியது.

மாடிப்படியிலேயே அவரை மறித்தேன். அடுத்த மாச மீட்டிங்கில் பேசிக்கொள்ளலாம், நட்சத்திரம் எங்கே ஓடிவிடப் போகிறது என்றார்.

"இது போய்டும்ணா. செத்துகினு கீது."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். எங்கள் படிக்கட்டில் எதைச் சொன்னாலும் அது கீழ்வீட்டுக்குப் போய்ச் சேரும். கீழ்வீட்டு அக்கா ஏறி வந்தார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். எங்கள் பக்கத்தில் எந்தச் சாவிலும் முதல் ஒப்பாரி அவருடையதுதான். செத்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் தயங்க மாட்டார்.

"யாரு செத்தது?"

"நட்சத்திரம்க்கா."

"எந்தூரு?"

நான் வடக்கே கை காட்டினேன். "ரொம்ப தூரம்."

"அயுவ ஆள் கீதா?"

"இல்லக்கா. சுத்தி யார்னா இருந்திருந்தாலும் வெடிச்சதுல போயிருப்பாங்க."

அக்கா நெஞ்சில் கை வைத்தார். "குடும்பத்தோடயா?"

அந்த இடத்தில் நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். என் கண் பூட்டின் மேல் இருந்தது, அதனால் சொல்லவில்லை.

அக்கா செக்ரட்டரி பக்கம் திரும்பினார். "சாவு வூட்டுக் கதவ எவனாவது சாத்துவானா?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை சாவு வீட்டு வாசலை அடைக்கக் கூடாது, அங்கே எரிகிற விளக்கையும் அணைக்கக் கூடாது.

"இது சாவு வூடு இல்லம்மா, மொட்ட மாடி," என்றார் செக்ரட்டரி.

"செத்தது மேலதான கீது? அப்ப அதுக்கு வாசல் இதான்."

மின்சாரம் படித்த மனிதர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். "பதினாறு நாளு. அதுக்கப்புறம் பூட்டிடுவேன்," என்று சாவியை எடுத்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து மேலே ஏறினால், கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கல் வைத்திருக்கிறது, கதவுக்கு மேலே டியூப்லைட் ஜெகஜோதியாக எரிகிறது. சாவு விளக்கு. அணைக்கக் கூடாது.

அடுத்து ரசிகர் மன்றத்துப் பசங்க வந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பூனை செத்தாலும் பேனர் வைக்காமல் தூங்காத பிள்ளைகள். போட்டோ கேட்டார்கள். போனில் எடுத்திருந்ததைக் கொடுத்தேன். கறுப்பு, நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு மாலை போட்டு, கீழே வட்டம் வட்டமாகக் கூலிங் கிளாஸ் மாட்டிய தங்கள் முகங்களை வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று மாடிச் சுவரில் கட்டினார்கள். மறைவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று மட்டும் சிக்கல்.

"எப்ப செத்துச்சிக்கா?"

"ரெண்டு கோடி வருசத்துக்கு முன்னாடி."

"அப்ப இத்தினி நாளு பேனர் வெக்காம இன்னா பண்ணிகினு இருந்தோம்?" என்றான் ஒருவன். உண்மையிலேயே வெட்கப்பட்டான்.

பேனர் தெரிய வேண்டுமென்று இரண்டு ஃபோகஸ் லைட் போட்டார்கள். மாடியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். நான் டெலஸ்கோப்போடு சேர்த்துப் போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பதுபோல் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் புழுக்கத்தில் வியர்வை கண்ணில் இறங்கியது. துக்கம் கேட்க வந்தவர்கள், தாங்க முடியாமல் போர்த்திக்கொண்டு அழுகிறாள் பாவம் என்று பேசிக்கொண்டார்கள். செத்ததைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் துக்கமெல்லாம் என்னிடம்தான் கேட்டார்கள். டூட்டி முடிந்து வந்த வீட்டுக்காரர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். இவரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். வீட்டுக்குள் வந்த பிறகுதான் மெதுவாகக் கேட்டார், "யாரு?"

பதினாறாம் நாள் வந்தது. சடங்கெல்லாம் கூடாது, மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும் என்றார் செக்ரட்டரி. வடை பாயசம் இல்லாமல் எப்படி என்றார் அக்கா. இரண்டும் என்று முடிவாகி, பிளாக்கே மாடிக்கு ஏறிவிட்டது. செக்ரட்டரி பூட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"கடைசியா ஒரு தபா பாத்துச் சொல்லு," என்றார் அக்கா. "போய்ட்ச்சா, கீதா?"

லைட்டை அணைத்தால்தான் சரியாகத் தெரியும் என்றேன். அணைக்கக் கூடாது என்று பசங்க குதித்தார்கள். "காரியந்தான் முடிஞ்ச்சே. அயுவுறதுக்கு லைட்டு எதுக்குடா?" என்று அக்காவே போய் எல்லாவற்றையும் அணைத்தார்.

அத்தனை நாளில் முதல் தடவையாக இருட்டு. குனிந்து பார்த்தேன். நடு அக்காவுக்கும் கடைக்குட்டிக்கும் நடுவில், முதல் நாள் இருந்த அதே இடத்தில், அதே பிரகாசத்தில் இருந்தது. இந்த மாதிரி வெடிப்பு அப்படித்தான். இரண்டு மூன்று மாசம் மங்காமல் நிற்கும். எனக்கு அது தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போய்விட்டது என்று சொன்னால் பாயசம் குடித்துவிட்டு எல்லாரும் நிம்மதியாக இறங்குவார்கள், பூட்டும் விழும். ஆனால் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"கீதுக்கா. அப்டியேதான் கீது. கொறயவே இல்ல."

பாயசக் கரண்டி நின்றது.

"உசுரு கீறப்பவே காரியம் பண்ட்டமா?" அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பசங்க பாய்ந்து போய் பேனரை அவிழ்த்தார்கள். யாரோ அணைந்திருந்த மெழுகுவர்த்தியைப் பிடுங்கித் தூர வைத்தார். செக்ரட்டரி மட்டும் விஞ்ஞானப்படி அது எப்போதோ, என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"மூச்சு கீற வரிக்கும் கதவத் தொடாத."

அவர் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டியூப்லைட்டையும் கழற்றிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு யார் சாவு விளக்கு போடுவார்கள்?

அதன் பிறகு எனக்கு இருட்டும் கிடைத்தது, மாடியும் கிடைத்தது. ஒவ்வொரு சாயங்காலமும் இறங்கி வரும்போது படியில் விசாரணை. எப்டி கீது? அப்டியேதான் கீது. தேறிடுமா? தேறாதுக்கா. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரை வைத்திருப்பவளிடம் பேசுவதுபோல் என்னிடம் தணிந்த குரலில் பேசினார்கள். அந்தக் குரலில் என்னிடம் யாரும் அதுவரை பேசியதில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

ஆடியில் ஒரு வாரம் மேகம். விலகிய அன்று பார்த்தால், கடைக்குட்டிக்கும் கீழே இறங்கியிருந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"அப்டித்தான். நின்னுகினே இருக்கும், கடைசில படக்குனு எறங்கிடும்," என்றார் அக்கா. "எங்கூட்டுக்காரரும் அப்டித்தான்."

ஊரில் எல்லார் புருஷனுக்கும் வாய்விட்டு அழுதவர், தன் புருஷனைப் பற்றி என்னிடம் பேசியது அன்றுதான்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் குனிந்து பார்த்தேன். பெரியக்கா இருந்தாள், நடு அக்கா இருந்தாள், கடைக்குட்டி இருந்தாள். பக்கத்தில் எதுவும் இல்லை. நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்தால் மங்கல் நட்சத்திரம் தெரியும், அப்படியும் பார்த்தேன். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அந்த இடம் எதிர் பிளாக்குக்குப் பின்னால் இறங்குகிறவரை பார்த்தேன். ஒன்றுமில்லை.

கடைசிவரை பார்த்துவிட்டேன். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அது வரவில்லை. டெலஸ்கோப்பை மூடாமல் எதிர் பிளாக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு புள்ளிக்குப் போய், என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. டெலஸ்கோப்புக்குப் போர்வையைச் சுற்றிவிட்டுப் படியிறங்கினேன்.

கீழே கடைசிப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"கீதா?"

"இல்லக்கா."

அவர் ஒப்பாரி வைக்கவில்லை. எழுந்து உள்ளே போய், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"சாவுக்குப் போய்ட்டு வந்தவ அப்டியே வூட்டுக்குள்ள போவக் கூடாது. குந்து."

ஆபீஸ் சுடிதாரோடு படிக்கட்டு ஓரம் உட்கார்ந்தேன். அக்கா தலையில் ஊற்றினார். தண்ணீர் முகத்தில் வழியும்போது எது தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. நன்றாக அழுதேன். குடம் காலியாவது தெரிந்து அவசரமாக முகத்தைத் துடைத்தேன்.

"மெதுவா," என்றார் அக்கா. "இன்னொரு கொடம் கீது."