எர்த் போல்ட்டில் மூன்று கோட்டிங்

பளபளாவுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. அவர் கடைக்குள் போன பைக் எதுவானாலும், வெளியே வரும்போது அதன் டேங்கில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். பெயிண்ட் அடிப்பதில் அப்படி ஒரு வெறி. கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு மோசம். எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாரென்றால், தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் உரித்துத் தொங்கவிட்டுவிடுவார்.

பக்கத்துக் கடை அவர் மச்சினனுடையது. பெண்டாட்டியின் தம்பி. பைக்குகளுக்கு ஒயரிங் பார்ப்பவன். கேட்டால்தான் பேசுவான், அதுவும் பாதிதான் வரும்.

பஸ் டிப்போ ஃபோர்மேன் தன் பழைய பைக்கை இவர்கள் இருவரிடமும் ஒப்படைத்திருந்தார். பெயிண்ட் இவர், ஒயரிங் அவன். டிப்போவில் எலக்ட்ரீஷியன் இடம் ஒன்று காலியாக இருந்தது. "முதல்ல என் வண்டியை ஒழுங்கா முடி, அப்புறம் பாக்கலாம்" என்று மச்சினனிடம் சொல்லியிருந்தார். பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு தகரக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருந்தவனுக்கு, அந்த வார்த்தை ஒன்றுதான் பிடிமானம்.

வண்டி முடிந்து போனது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

"பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டர் கண்ணடிக்குதுய்யா. ரோட்டுல போற பொம்பளைங்க என்னை முறைக்கிறாங்க" என்றார் ஃபோர்மேன். ஹாரனை அமுக்கினால் ஹெட்லைட் மங்கியது. ஹாரனோ தொண்டை கட்டிய தவளை மாதிரி ஒரு சத்தம் போட்டது.

மச்சினன் ஹாரனை மாற்றினான். சுவிட்சை மாற்றினான். இண்டிகேட்டர் ஒயரைப் புதிதாக இழுத்தான். வண்டி அசரவில்லை. அடுத்த முறை வந்த ஃபோர்மேன் டீக்கடையில் உட்கார்ந்தபோது, பளபளாவின் நாக்கு அரித்தது.

"என் மச்சினன் வேலைன்னா சும்மாவா சார்? அவன் வீட்டுல ஃபேன் சுவிட்சைப் போட்டா பக்கத்து வீட்டுல மோட்டார் ஓடும்!"

பெஞ்சே குலுங்கியது. ஃபோர்மேனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அப்போ டிப்போவுல விட்டா பெல் அடிச்சதும் வைப்பர் ஆடும். வேணாம்ப்பா, வேற ஆளைப் பாத்துக்கறேன். வண்டியை சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்" என்று எழுந்து போனார்.

பளபளாவுக்குச் சுருக்கென்றது. ஒரு சிரிப்புக்காகச் சொன்னது இப்படியா போய் முடிய வேண்டும்? சரி, கோளாறைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஃபோர்மேன் மனசை மாற்றிவிடலாம் என்று, மச்சினன் சாப்பிடப் போன நேரத்தில் அவனுடைய டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டு வண்டியருகே உட்கார்ந்தார். ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொரு முனையை மைனஸிலும் வைத்தார். பல்பு ஜோராக எரிந்தது. மைனஸிலிருந்து எடுத்து, இன்ஜினின் வெறும் இரும்பில் வைத்தார். செத்துப்போன மாதிரி மினுக்கியது. அப்படியென்றால் பேட்டரியின் மைனஸ் வண்டியின் உடம்புக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. எர்த் கிடைக்காத கரண்ட் கிடைத்த சந்தெல்லாம் புகுந்து, பிரேக் லைட்டுக்குப் போக வேண்டியது இண்டிகேட்டரில் எட்டிப் பார்த்திருக்கிறது.

மைனஸ் ஒயர் சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில் சேருகிறது. கழற்றினார். அடியில் இரும்பைக் காணோம். செக்கச்செவேலென்று பெயிண்ட். மூன்று கோட்டிங். துரு தெரியக்கூடாதென்று அந்த இடத்தையும் விடாமல், தன் கையாலேயே ரசித்து ரசித்து அடித்தது.

உப்புத்தாளால் சுரண்டி முறுக்கினார். பிரேக் விளக்கு ஒழுங்காக எரிந்தது. ஹாரன் அலறியது. அந்த அலறல் தன்னைத் திட்டுவது போலவே இருந்தது அவருக்கு.

சாயங்காலம் ஃபோர்மேன் வந்தார். சாப்பிட்டுத் திரும்பியிருந்த மச்சினன் தன் கடை வாசலில் நின்றான். பெஞ்சில் வழக்கமான கூட்டம்.

"சார், தப்பு அவன்மேல இல்ல. நான் அடிச்ச பெயிண்ட்டாலதான் எல்லாம்."

ஃபோர்மேன் சிரித்தார். "மச்சினனுக்காகப் பழியை நீ ஏத்துக்கறியா? பெரிய மனசுய்யா உனக்கு!"

"ஆளைப் பாரு! இன்னைக்குப் புதுசா ஒண்ணு எடுத்து விடுறாரு" என்றது பெஞ்ச்.

"சத்தியமா சார்..."

"போதும்ய்யா, வயிறு வலிக்குது."

பொய்யை ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் ஒருத்தனும் நம்பவில்லை. அதற்கும் மேலே நல்லவன் பட்டம் வேறு. பளபளாவுக்குக் காது சுட்டது. ஸ்பானரை எடுத்தார். எல்லோரும் பார்க்க அந்தப் போல்ட்டைக் கழற்றி, கொஞ்சம் பெயிண்டைத் தடவினார். காயும்வரை ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்காமல் குந்தியிருந்தார். பிறகு லேசாக முறுக்கி பிரேக்கை மிதித்தார். இண்டிகேட்டர் கண்ணடித்தது. ஹாரன் தவளையாகக் கத்தியது.

யாரும் சிரிக்கவில்லை.

"அப்போ பையனை அநியாயமா..." என்று இழுத்த ஃபோர்மேன், மச்சினனைப் பார்த்தார். "நாளைக்கு டிப்போவுக்கு வாப்பா. முடிவா ஒண்ணும் சொல்லல. ஆனா வா."

"வரேன் சார்" என்றான் மச்சினன். பிறகு குனிந்து, பளபளாவின் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி, போல்ட்டைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"மாப்ளே, நான் டீக்கடையில சும்மா விளையாட்டுக்கு..."

"எல்லாம் அப்பப்ப காதுக்கு வரும் மாமா."

"அப்புறம் ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"அக்காவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படும்னுதான்."

அவன் தலை நிமிரவில்லை. டீக்கடைக்காரர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "பளபளா, டீ ஆறுது!" என்று கூப்பிட்டார். பளபளா காதில் விழாதவர் போல, தன் கடைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டார்.