சங்கரபாண்டி என்பதுதான் அவர் பெயர்

சங்கரபாண்டி அண்ணாச்சி போய்விட்டார். நேற்று மத்தியானம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் நின்றவருக்கு மார்வலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டியவர். நான் அங்கே புரூஃப் ரீடர். பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே டீ குடித்திருக்கிறோம்.

காலையிலிருந்து ஒரே மெசேஜ். ‘நம்ம புஸ்வாணம் செத்துட்டாராமே?’ ஒருத்தர் பக்கத்தில் ஸ்மைலி வேறு போட்டிருக்கிறார்.

செத்தவருக்கு ஸ்மைலி... அதைவிடக் கேவலம் என்னவென்றால், அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்.

ஆதிச்சநல்லூரில் தோண்டுகிறார்கள் என்று பேப்பரில் செய்தி வந்த சமயம்தான் அண்ணாச்சிக்குப் பழம்பொருள் பைத்தியம் பிடித்தது. பட்டாசு லேபிளை ஆயிரக்கணக்கில் வெட்டும் மிஷினில், நாலு விரல் அகலச் செய்தியைக் கொடுத்து ஓரம் பிசிறில்லாமல் வெட்டி எடுப்பார். மொதலாளி பார்த்திருந்தால் தொலைந்தார்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பழைய மேடு இருந்தது. பட்டாசு கம்பெனி ஒன்று, ஷெட் வெடித்தால் அடுத்த ஷெட்டுக்குப் பரவாமல் இருக்கச் சுற்றிலும் மண்கரை எழுப்ப, அங்கிருந்துதான் லோடு லோடாக மண் அள்ளியது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார்.

ஒரு தடவை நானும் போனேன். எங்கள் கண் முன்னால் ஜேசிபி ஒரு முதுமக்கள் தாழியைக் கிழித்தது. உள்ளே எலும்பு.

வேலை பார்த்தவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். சூப்பர்வைசர் வந்து ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டு, மஞ்சத்தண்ணியைத் தெளித்தார்... “ம், ஆச்சு. லோடை ஏத்துங்க.”

அவ்வளவுதான். தாழியும் எலும்பும் மண்ணோடு மண்ணாக லாரியில் ஏறின. அண்ணாச்சி குத்தவைத்துச் சிதறிய சில்லுகளைப் பொறுக்கினார்.

அதில் ஒரு சில்லு உள்ளங்கை அளவு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. சிவப்பில் மூன்று எழுத்து கீறியிருந்தது.

“தம்பி, இது எவனோ ஒருத்தன் பேருன்னு நெனைக்கேன். நீ புரூஃப் பாக்குறவன்தான, வாசிச்சுச் சொல்லு பாப்போம்.”

“எனக்கு இந்த எழுத்தெல்லாம் தெரியாது அண்ணாச்சி.”

“தெரிஞ்சவுக யாராச்சும் இருப்பாக. அம்புட்டு காலத்துக்கு முன்னால கீறுன பேரு. தப்பில்லாம வாசிச்சுப்புடணும்யா.”

மண் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி அவரே ஒரு மனு எழுதினார். நான் பிழை திருத்திக் கொடுத்தேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு இருவரும் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குப் போனோம்... அங்கே எந்த ஆபீஸ் என்பதை விட்டுவிடுவோம்.

மூன்று மேஜை மாறி நாலாவது மேஜை. அங்கிருந்தவர் மனுவைப் படிக்கவே இல்லை. கைக்குட்டையிலிருந்து அண்ணாச்சி எடுத்துவைத்த சில்லைப் புரட்டிப் பார்த்து, “இது என்னய்யா?” என்றார்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். முந்தின நாளெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு, பாவம்.

அதற்குள் என் வாய் சும்மா இருக்கவில்லை. “சார், அந்தக் காலத்துப் புஸ்வாணம் சார். மருந்து மட்டும் இல்ல.”

ரூமே சிரித்தது. நாலு மேஜையும் சிரித்தன. “அப்ப தீவாளிக்கு வச்சுக்கோங்க” என்று சில்லையும் மனுவையும் சேர்த்துத் தள்ளிவிட்டார் அந்த ஆள். நானும் சிரித்தேன். பெரிய ஆபீசர் என் ஜோக்குக்குச் சிரித்துவிட்டார் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. த்தூ...

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஏந்தம்பி அப்பிடிச் சொன்ன?”

“சும்மா தமாசுக்கு அண்ணாச்சி.”

மறுநாள் பிரஸ்ஸிலும் அந்தத் தமாசைச் சொன்னேன். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் புஸ்வாணம். அந்த மேடும் ஒரே வருஷத்தில் தரைமட்டம். அண்ணாச்சி மட்டும் என்னிடம் முகம் சுளித்ததே இல்லை. “சாப்பிட்டியா தம்பி?” அதே குரல், கடைசி வரைக்கும்.

நேற்று சாயங்காலம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எங்கள் பிரஸ்ஸிலேயே ஓடியது. புரூஃப் என் மேஜைக்குத்தானே வரும். ‘புஸ்வாணம் சங்கரபாண்டி’ என்று கொட்டை எழுத்தில்.

முதல் சொல்லைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

மொதலாளி பார்த்துவிட்டார். “ஏய்யா, அதை எடுத்துட்டா செத்தது யாருன்னு ஊருக்கு எப்பிடித் தெரியும்?” பின்னால் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். சாவு போஸ்டரை வைத்துக்கொண்டு...

எங்கள் தொழிலில் அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்தால், அது இருக்கட்டும் என்று அர்த்தம். புள்ளி வைத்தேன். ‘ஓகே’ எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இதே கைதான்.

அச்சடித்து முடித்த போஸ்டர்கள் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க, மேலே ஏதோ வெயிட் வைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். அண்ணாச்சி டிராயரில் வைத்திருந்த அதே சில்லு.

எடுத்து வந்துவிட்டேன். இதை டைப் செய்யும்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று எழுத்து... எனக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது.

கமெண்டில் எவனாவது அந்தப் பட்டப்பெயரைப் போட்டால் பிளாக் செய்துவிடுவேன்.

போயிட்டு வாங்க, சங்கரபாண்டி அண்ணாச்சி.