வீடியோ பஸ்ஸில் பிரெஞ்சுப் படம்

மெட்ராஸிலிருந்து வேலூர் போகும் வீடியோ பஸ்ஸில் கேசட் மாறிவிட்டது. தமிழ்ப் படத்துக்குப் பதில் பிரெஞ்சுப் படம் ஓடுகிறது. இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பதற்காக நான் பிரெஞ்சு படித்தவள். அதனால் பக்கத்து சீட் செல்விக்குக் கதை சொல்லி வருகிறேன். இதுவரை நான்கு பேர்: கணவன், மனைவி, கணவனின் காதலி, மனைவியின் தம்பி. தம்பிக்கும் அந்தக் காதலிமேல்தான் ஆசை.

"வூட்ல பொண்டாட்டி கீறா, அப்பால இன்னாத்துக்கு அவ?" என்கிறாள் செல்வி.

"சண்ட எப்ப வரும்னு கேட்டுச் சொல்லும்மா," என்கிறார் பின்சீட்டுக்காரர்.

செல்வியின் கணவனுக்கும் இன்னொருத்தியோடு பழக்கம். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவளைப் பெரியவர்கள் சமாதானம் பேசி, ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் அவன் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இதைப் பூந்தமல்லியிலேயே சொல்லிவிட்டாள்.

பஸ் ஸ்ரீபெரும்புதூரில் நிற்கிறது. டிவியில் அந்த மனைவி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள்.

"பூடுவாளா, இருப்பாளா?" என்கிறாள் செல்வி.

"தெரியலைங்க. நானும் இப்பத்தான் பாக்குறேன்."

வெளியே செல்வியின் கணவன் ஜன்னல் கண்ணாடியைத் தட்டுகிறான். "எறங்கு செல்வி! எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க."

செல்வியின் பை அவள் மடியிலேயே இருக்கிறது. அவனைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள்.

"எறங்கறியாம்மா, இல்லியா?" என்கிறார் கண்டக்டர்.

"வாலாஜாவுக்கு ஒரு டிக்கெட் குடுண்ணா. எங்க அக்கா வூடு அங்கதான் கீது."

ஜன்னல் துணியை இழுத்துவிட்டு என் பக்கம் திரும்புகிறாள். "இப்ப அவ இன்னா சொல்றா?"