ஐம்பத்தேழாம் நம்பர் வில்லை

1. புளி

முதல் நாளே தப்புப் பண்ணினேன். அதிலிருந்தே சொல்கிறேன்.

என் மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்து டெக்சாஸ் வந்தோம். தொண்ணூற்றாறு. ரவுண்ட் ராக்கில் அபார்ட்மென்ட். நான் படித்தது ஐந்தாவது. தெரிந்தது கோயம்புத்தூர் நகைப் பட்டறை வேலை. இங்கிலீஷ் நாலு வார்த்தை.

வடக்கே ஒரு மணி நேரத்தில் பெரிய ராணுவ முகாம். அந்த ரோட்டில் பழைய ராணுவச் சாமான் கடை வைத்திருந்தார் தங்கராசு. எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். வில்லைகளில் ஊசி உடைந்திருந்தால் புது ஊசி வைக்க ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற வேலை. எனக்குக் கைவந்தது.

வில்லை என்பது ஆபீஸர் காலரில் குத்துவது. காலாட்படைக்குக் குறுக்காக இரண்டு துப்பாக்கி. குதிரைப்படைக்கு இரண்டு வாள். மேலே நம்பர் இருந்தால் எந்த ரெஜிமென்ட் என்று தெரியும். நம்பர் இல்லாததை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம்பர் இருந்தால் அதைத் தேடி ஐந்நூறு மைல் டிரைவ் பண்ணி வருவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை சேர்க்கிற ஆட்கள்.

அன்றைக்கு ஒரு டப்பாவைக் கொடுத்து, "பாத்து வைப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பதினாலு துப்பாக்கி வில்லை. வெண்கலம். நம்பர் இல்லை. கன்னங்கரேல் என்று கிடந்தன. எங்கள் தொழிலில் கறுத்த சாமானை அப்படியே திருப்பிக் கொடுப்பது அவமானம். பூந்திக்கொட்டையும் புளியும் போட்டு விளக்கினேன். விளக்கும் முன்னால் ஒரு எடை, விளக்கிய பின்னால் ஒரு எடை. பட்டறைப் பழக்கம். தனித்தனிக் கவரில் போட்டு, எடையைப் பென்சிலில் எழுதி வைத்தேன்.

வந்து பார்த்தார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"வெளக்கி வெச்சிருக்கேனுங்ணா. பளபளன்னு ஆயிருச்சு."

"உன்னை எவன் வெளக்கச் சொன்னான்? எம்பது வருசத்து அழுக்குப்பா அது. அந்த அழுக்குக்குத்தான் விலை."

பதினாலையும் டிராயரில் போட்டுப் பூட்டினார். சாவி அவர் பெல்ட்டில் தொங்கியது.

2. வெங்காரக் கிண்ணம்

அதிலிருந்து தங்கராசு என்னை நம்பவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது என் டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பார். சிரித்துக்கொண்டே பார்ப்பார்.

"தாய்ப் பொன்னுலயே மாப்பொன் எடுக்கறவன் தட்டான். சும்மாவா சொன்னாங்க?"

"இது பொன்னு இல்லீங்ணா, வெண்கலம்."

"பழக்கம் போகாதில்ல?"

பெற்ற தாயின் பொன்னிலும் கொஞ்சம் திருடுவான் என்கிற அந்தப் பழமொழியால்தான் எங்கள் அப்பா எதையும் எடை போடாமல் வாங்க மாட்டார், எடை போடாமல் கொடுக்கவும் மாட்டார். நானும் அப்படியே செய்தேன். கடையில் எது விற்றாலும் கஸ்டமர் எதிரில் தராசில் வைத்து, எடையைப் பில்லின் பின்பக்கம் எழுதி, அவர் கையெழுத்தை வாங்குவேன்.

"ஏய்யா, தங்கமா விக்கறோம்? வெள்ளைக்காரன் சிரிக்கறான்" என்பார் தங்கராசு.

சிரிக்கட்டும் என்று விட்டேன்.

சில மாதம் போனது. திங்கட்கிழமை காலையில் போனால் பற்றவைப்பதற்கு நான் வெங்காரப் பொடி கரைக்கிற கிண்ணம் ஈரமாக இருக்கும். சனிக்கிழமை நான் துடைத்துக் கவிழ்த்து வைத்தது. ஊதுகிற டார்ச்சின் முனை திரும்பியிருக்கும். கடைக்குள் அழுகிய முட்டை வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும். வெண்கலத்தைக் கறுக்க வைக்கிற மருந்து.

"அண்ணா, நேத்து யாராச்சும் வந்தாங்களா?"

"ஞாயித்துக்கிழமை யாரு வருவா? உன் வேலையப் பாரு."

பார்த்தேன். சந்தேகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேட்டால் வேலை போகும். கார் ஓட்டத் தெரியாத, பேசத் தெரியாத ஆளுக்கு இன்னொரு வேலை யார் கொடுப்பார்கள்?

அப்போதெல்லாம் மாதம் ஒரு முறை முகாம் ஊரில் ஷோ நடக்கும். ஒரு ஹாலில் வரிசையாக டேபிள் போட்டு இந்தச் சாமான்களை விற்பார்கள். தங்கராசுவுக்கும் அங்கே ஒரு டேபிள் உண்டு. திடீரென்று அவர் ஷோவுக்குப் போவதை நிறுத்தினார். ஒரு சின்ன டப்பாவை மட்டும் வேறு ஒரு வியாபாரியிடம் கொடுத்து அனுப்பினார். அதில் என்ன இருந்தது என்று எனக்குக் காட்டவில்லை. அந்த டப்பாவுக்குப் பில்லும் கிடையாது.

3. தராசு

எங்கள் நல்ல கஸ்டமர் ஒருவர். பெயர் வேண்டாம். பெரிய தொப்பி போட்ட கிழவர். அவருடைய அப்பா ஐம்பத்தேழாம் நம்பர் ரெஜிமென்ட்டில் ஆபீஸராக இருந்தவராம். அந்த நம்பர் வில்லை ஒன்று எங்களிடம் வந்தது. நம்பரும் துப்பாக்கியும் ஒரே அச்சில் அடித்தது, ஒட்டியது இல்லை. ஊசி மட்டும் நான் வைத்தேன். அதை அவர் வாங்கிக்கொண்டு போனார். காலருக்கு இரண்டு வேண்டும், இது ஒற்றை. ஜோடி கிடைத்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை வந்தார். பில்லையும் வில்லையையும் கவுண்டர் கண்ணாடி மேல் வைத்தார். முகம் சரியில்லை. வேகமாகப் பேசினார். ஃபேக் என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது.

தங்கராசு வில்லையைப் பார்த்தார். ஒரு நொடிதான். என் பக்கம் திரும்பினார்.

"ஆசாரி, நெசத்தச் சொல்லு. ஊசி வெக்கறப்ப மாத்திட்டியா?"

"இல்லீங்ணா."

"அவரு ஷோவுல எல்லார்கிட்டயும் சொல்லப் போறாராம். கடை பேரே போயிரும். நீதான் மாத்தினேன்னு சொல்லிடறேன். நீ தலைய மட்டும் ஆட்டு. வேற எடத்துல வேலை வாங்கித் தர்றேன்."

"திருடன்னு தலையாட்டச் சொல்றீங்களா?"

"மெதுவாப் பேசு."

கிழவர் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்துப் புரிந்திருக்காது. ஆனால் என்னைத்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்திருக்கும்.

நான் பில்லை எடுத்துத் திருப்பினேன். ஒன்பது கிராம் நாற்பது. என் எழுத்து, அவர் கையெழுத்து. தராசைத் துடைத்து வில்லையை வைத்தேன். எட்டு கிராம் எழுபத்தைந்து.

அவர் குனிந்து பார்த்தார். பில்லைப் பார்த்தார். திரும்பவும் தராசைப் பார்த்தார்.

"என்ன சொல்றாருங்ணா?"

தங்கராசுவுக்கு முகம் தெளிந்துவிட்டது. "நாம வித்தது வீட்டுல இருக்கும்ங்கறாரு. ஜோடிக்காக ஷோவுல இன்னொண்ணு வாங்கினாராம். ரெண்டும் ஒரே டப்பாவுல கெடந்துச்சாம், மாத்தி எடுத்தாந்துட்டாராம். இதை எந்த டேபிள்ல வாங்கினாருன்னு அவருக்கே ஞாபகமில்ல. பொழச்சோம்."

கிழவர் தொப்பியைக் கழற்றினார். என்னிடம் ஸாரி சொன்னார். கை கொடுத்தார்.

அத்தோடு என் பெயர் தப்பியது. விட்டிருக்கலாம்.

ஆனால் வில்லை இன்னும் தராசிலேயே இருந்தது. எடுத்துத் திருப்பினேன். நம்பரை ஈயத்தால் ஒட்டியிருந்தார்கள். பட்டறைப் பையன் கூட அப்படி ஒட்ட மாட்டான். ஊசி மூலையில் நகத்தால் சுரண்டினேன். கறுப்பு உரிந்தது. கீழே வெண்கலம் மஞ்சளாகப் பளபளத்தது. எண்பது வருஷத்து அழுக்குக்குக் கீழே அப்படி மின்னாது. மூக்கில் வைத்தேன். முட்டை வாடை.

"அண்ணா, இது என் புளி."

"என்ன ஒளர்றே?"

"அந்தப் பதினாலுல ஒண்ணு. டிராயரத் தொறங்க. எடை எல்லாம் கவர்ல எழுதியிருக்கு."

சாவியைக் கையால் மூடிக்கொண்டார். "டேய், அவரு போகட்டும். உம் மேல தப்பில்லைன்னு ஆயிருச்சில்ல? அப்புறம் ஏன்டா?"

கிழவர் வாசல் வரைக்கும் போய்விட்டார். அவருடைய அப்பா நம்பர். காலரின் ஒரு பக்கம் நிஜம், இன்னொரு பக்கம் நான் முதல் நாள் கெடுத்தது. அதை அவர் வேறு எவன் மேலோ சந்தேகப்பட்டுக்கொண்டே வைத்திருப்பார்.

என்னிடம் இருந்த இங்கிலீஷ் அத்தனையையும் சேர்த்தேன்.

"ஸார். திஸ் ஆல்ஸோ அவர் ஷாப்."

அவர் திரும்பி வந்தார். நான் காட்டிய டிராயரைத் திறக்கும் வரை நகரவில்லை.

தங்கராசு டிராயரைத் திறந்தார். பதினாலில் ஒன்பதுதான் இருந்தன. நாலில் நம்பர் ஒட்டியிருந்தது. கவரில் எழுதியதைவிட நாலும் எடை கூடியிருந்தன. கிழவர் எதிரிலேயே டார்ச்சால் சுட வைத்து நாலு நம்பரையும் கழற்றினேன். ஈயம்தானே, சட்டென்று விட்டது.

திங்கட்கிழமை வர வேண்டாம் என்று தங்கராசு சொல்லிவிட்டார். திருடன் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு மால் ஒன்றில் நகை ரிப்பேர் கடையில் வேலை கிடைத்தது. பதினாறு வருஷம் இருந்தேன்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களைச் சந்தேகப்படுவார்கள். நீங்களும் சந்தேகப்படுவீர்கள். அதை மனசில் வைத்துப் புழுங்க வேண்டாம். தராசில் வையுங்கள். அது உங்களுக்குச் சாதகமாக நின்றதும் எடுத்துவிடாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

மீதி நாலு வில்லை எங்கேயோ இருக்கின்றன. யார் கண்ணிலாவது பட்டால் ஊசி மூலையில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக மின்னினால், விளக்கியது நான்.