பதின்மூன்றாம் வாய்ப்பாடும் ஒரு லாகினும்

போன செவ்வாய்க்கிழமை தொம்மலூர் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து போன். கம்ப்யூட்டர் லேபில் லாகின் செய்தால் பத்து நிமிஷம் ஆகிறதாம். வயிற்றுப்பாட்டுக்கு நான் நெட்வொர்க் பார்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த லேபைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

பிரின்சிபால் மேடம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நாப்பது நிமிஷ பீரியட் சார். அதுல கால்வாசி சும்மா போவுது. ஸ்டெல்லா டீச்சருக்குக் கம்ப்யூட்டர் வரலை. அவங்க தப்புன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. வெளியிலேர்ந்து ஒரு ஆளைப் போட்டுட்டு, இவங்களத் திரும்பத் தையல் கிளாஸுக்கே அனுப்பிடுறேன்."

ஸ்டெல்லா டீச்சர் தையல் டீச்சராக இருந்தவர். லேப் வந்தபோது ஆள் இல்லாமல் அவரை உட்கார வைத்தார்கள். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து சிவாஜிநகர் போய், காலேஜ் பசங்களோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நாற்பத்தாறு வயதில். நம்மில் எத்தனை பேர் செய்வோம்?

லேப் வாசலில் அறுபது ஜோடி ஷூ – தூசி மிஷினுக்கு ஆகாது என்று. உள்ளே ஒரு மிஷினுக்கு மூன்று பிள்ளைகள். திரை அசையக் காணோம். பிள்ளைகள் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சும்மா உக்காந்தா கீபோர்டை நோண்டுவாங்க சார். அதான்..." என்றார் டீச்சர், கூச்சத்தோடு.

கேபிள் பார்த்தேன், சுவிட்ச் பார்த்தேன். கோளாறு இல்லை. சர்வரைத் திறந்தால்... வகுப்புக்கு ஒரே லாகின். அதன் டெஸ்க்டாப்பில் இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் வரைந்த படங்கள், ஒன்று விடாமல். வீடு, மாங்காய், மூன்று கால் நாய். யார் லாகின் செய்தாலும் அத்தனையும் சர்வரிலிருந்து அந்த மிஷினுக்கு இறங்கியாக வேண்டும். இருபது மிஷினிலும் ஒரே நேரத்தில். எப்படி விளங்கும்?

எனக்கு எரிச்சல். "ஏன் டீச்சர், பழசையெல்லாம் அழிக்கக் கூடாதா?"

"எப்படி சார் அழிக்கிறது? இவங்க வீட்ல கம்ப்யூட்டர் ஏது? இந்த நாய் படம் வரைஞ்ச புள்ள போன வருஷம் ஓசூர் போயிடுச்சு. இது ஒண்ணுதான் இருக்கு."

"அதுக்காக டெஸ்க்டாப்லயா கொட்டுவீங்க? யார் சொன்னது?"

டீச்சர் டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். லேப் திறந்த அன்று நான் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். 'எல்லாம் டெஸ்க்டாப்பில் சேவ் பண்ணவும். எந்த மிஷினிலும் வரும். பத்திரம்.' பக்கத்திலேயே என் பெயர், 'சார்' சேர்த்து.

சொன்னேன்தான். சர்வரில் படங்களுக்கென்று தனி ஃபோல்டர் போட்டுக் கொடுக்க அன்றைக்கு எனக்குச் சோம்பல்.

"இதை மேடம்கிட்ட காட்டலையா டீச்சர்?"

"காட்டினா உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடும் சார். உங்க பொழப்பு இது. எனக்கென்ன, தையல் தெரியும்ல?"

சொல்வதற்கென்ன, கண் கலங்கிவிட்டது. ஒரு படத்தைக்கூட அழிக்காமல் எல்லாவற்றையும் தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். மறுபடி லாகின் – பதினைந்து செகண்ட். வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டதில் பிள்ளைகளுக்குத்தான் எத்தனை சந்தோஷம்.

ரிப்போர்ட்டில் யார் தப்பு என்று கேட்டிருந்தார்களே? என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பிரின்சிபால் இரண்டு தடவை படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

அந்தப் பள்ளிக்கூடம் இனி என்னைக் கூப்பிடுமா, தெரியாது. ஸ்டெல்லா டீச்சர் லேபில்தான் இருக்கிறார்.