வெயிலக்கா வானொலியில் விரிப்பு காயப்போட்ட கதை

வானொலிப் பெட்டியே இல்லாத ஒரு வீட்டில், வானொலி நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று கேட்டதும் ஒரு பெண் ஏன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்க வேண்டும்? அன்று இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணை ஊரே வெயிலக்கா என்றுதான் கூப்பிடும். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள லாட்ஜின் விரிப்புகள், போர்வைகள், தலையணை உறைகள் எல்லாம் அவளிடம்தான் சலவைக்கு வரும். மழைக்காலத்தில் மற்ற சலவைக்காரர்கள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். வெயிலக்கா மட்டும் காலையில் வாங்கியதை அன்று மாலையே மொடமொடவென்று மடித்து அனுப்பிவிடுவாள். லாட்ஜ் மேனேஜருக்குப் பெருமை பிடிபடவில்லை. "இங்குள்ள விரிப்புகள் இயற்கையான வெயிலில் உலர்த்தப்பட்டவை" என்று அறைக்கு அறை ஓர் அட்டை மாட்டிவிட்டார். அடைமழையிலும் அந்த அட்டை ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எப்படி என்று கேட்பவர்களிடம் வெயிலக்கா, "எல்லாம் கைராசிதான்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கத் தொடங்கிவிடுவாள்.

கைராசி இருந்தது கொல்லைப்புறச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கேதான் வானொலியின் ஒலிபரப்புக் கூடம். நிகழ்ச்சிகள் ஊருக்குள் இருக்கும் ஸ்டூடியோவிலிருந்து வரும். இந்தக் கூடத்தில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அவற்றை மீடியம் வேவில் ஊர் ஊராக அனுப்பும். அது இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தி வைத்தாற்போல் இருக்கும் ஒரு பழைய இயந்திரம். அதன் வயிற்றுக்குள் வால்வுகள் எனப்படும் பெரிய பெரிய கண்ணாடிக் குமிழ்கள் கனன்றுகொண்டிருக்கும். அவை வெந்துபோகாதபடி ஒரு ராட்சத விசிறி காற்றை ஊத, அந்தச் சூட்டுக் காற்று ஒரு தகரக் குழாய் வழியாக வெளியேறும். குழாயின் வாய் திறந்திருந்தது நேராக வெயிலக்காவின் கொல்லையில். அவள் மேலே ஒரு தகரக் கூரை போட்டாள், கீழே கொடி கட்டினாள், வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் கூடத்தில் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் வெயிலக்காவின் சொந்தத் தம்பி. அவன்தான் ஒருநாள் வாய்தவறி ஓர் உண்மையைச் சொல்லிவிட்டான். நிகழ்ச்சியில் சத்தம் கூடினால் வால்வுகளுக்கு உழைப்பு கூடும். உழைப்பு கூடினால் சூடு கூடும். அன்றிலிருந்து வெயிலக்காவுக்கு நிகழ்ச்சிகளைப் பற்றித் தெளிவான அபிப்பிராயங்கள் உண்டாகிவிட்டன.

"சாயங்காலம் என்னடா நிகழ்ச்சி?" என்று சுவரோரம் நின்று கேட்பாள்.

"மண்வளம் பத்தி ஒரு பேராசிரியர் பேசறாருக்கா."

"நிறுத்தி நிறுத்திப் பேசுவாரே, அந்த ஆளா? தலையணை உறைக்குக்கூடத் தாங்காது. அப்புறம்?"

"கால்பந்து வர்ணனை."

"அப்படிச் சொல்லு. கம்பளியை நனைச்சிடறேன்."

கால்பந்து என்றால் கம்பளி. வாத்திய இசை என்றால் போர்வை. செய்திக்கு விரிப்பு போடலாம், ஆனால் வாசிக்கிறவர் யாரென்று பார்க்க வேண்டும். கவிதை நிகழ்ச்சி வந்தால் வெயிலக்கா துணி எடுக்கவே மாட்டாள். உட்கார்ந்து கிழிசல் தைப்பாள். நாடகத்தில் மாமியாரும் மருமகளும் சமாதானமாகிவிட்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. "இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்" என்பாள், கொடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே. இத்தனைக்கும் அவள் ஒரு நிகழ்ச்சியையும் காதால் கேட்டதில்லை.

அப்புறம்தான் மூடுவிழா ஆரம்பித்தது. ஒரேயடியாக மூடியிருந்தால் ஒரேயடியாக அழுதுவிட்டுப் போயிருப்பாள். அவர்களோ கொஞ்சம் கொஞ்சமாக மூடினார்கள். முதலில் மத்தியான ஒலிபரப்பை நிறுத்தினார்கள். வெயிலக்கா போர்வைகளைக் காலைக்கு மாற்றினாள். பிறகு காலையையும் நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் மாலையில் திணித்தாள். கொல்லையில் ஆள் நுழைய இடமில்லாமல் போனது. அவளுடைய வீட்டுக்காரர் குளியலறைக்குப் போக ஈர விரிப்புகளை நீச்சலடிப்பதுபோல் விலக்கிக்கொண்டு போனார்.

கடைசியில் ஒருநாள் மதியம் தம்பி வந்து, "மாலையும் போச்சுக்கா. இந்த மாசக் கடைசியோட சரி" என்றான். அப்போதுதான் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏன்டா, என்ன கேடு வந்துச்சு?"

"யாரும் கேட்கறதில்லையாம். கரண்டும் ரொம்ப இழுக்குது. எல்லாத்தையும் பண்பலைக்கு மாத்தறாங்க. என்னையும் அங்கதான் போடறாங்க."

"அந்த மெஷின்ல சூடு வருமா?"

"சின்னப் பெட்டிக்கா. மேல டீ கிளாஸை வச்சா டீ ஆறிப்போயிடும்."

வீட்டுக்காரர் கைகழுவிக்கொண்டே, "மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிடேன். மழைக்காலத்துல ஒரு நாள் கூடுதலா கேளு" என்றார். அவர் மூன்று சக்கர வண்டியில் துணி கொண்டுபோய்க் கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் காரியமாகப் பேசுவார்.

"அறைக்கு அறை அட்டை மாட்டி வச்சிருக்காருங்க. இத்தனை வருஷமும் பொய்யான்னு கேட்டா மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? மறுநாளே வேற ஆளைப் பார்த்துடுவாரு."

லாட்ஜ் வேலை போனால் வீட்டில் வேறு வேலை கிடையாது. அது அவருக்கும் தெரியும். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி ஒலிபரப்பு நாளன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. போதாக்குறைக்கு, போட்டி ஒன்றுக்கு வந்த கைப்பந்து அணிகள் லாட்ஜில் எல்லா அறைகளையும் பிடித்திருந்தன. அத்தனை கட்டிலுக்கும் அன்று இரவுக்குள் விரிப்பு வேண்டும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். வெயிலக்கா கவலைப்படவில்லை. கடைசி நாளாயிற்றே, தாரை தப்பட்டை என்று அமர்க்களப்படுத்தத்தானே செய்வார்கள்? எல்லாவற்றையும் நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

குழாயிலிருந்து வந்ததோ பெருமூச்சு. வெதுவெதுப்புக்கூட இல்லை.

சுவரில் ஏறிக் கூடத்தின் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "டேய், என்னடா ஓடுது?"

"பிரியாவிடை நிகழ்ச்சிக்கா. பழைய அறிவிப்பாளர் நினைவுகளைச் சொல்றாரு."

"சத்தமா சொல்லச் சொல்லுடா."

"அவருக்குத் தொண்டை அடைச்சுக்குது. பேச்சைவிட மௌனம்தான் அதிகம். நேயர்கள் போன்ல பேசலாம்னு நம்பர் குடுத்துட்டே இருக்காரு, ஒருத்தரும் பேசலை. அதுல இன்னும் உடைஞ்சு போயிட்டாரு."

வெயிலக்கா விரிப்புகளைப் பார்த்தாள். சொட்டிக்கொண்டிருந்தன. "அந்த நம்பரைச் சொல்லு" என்றாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் அந்த அறிவிப்பாளரேதான். "வணக்கம், வணக்கம். பேசற நேயர் யாரு?"

"பெட்ஷீட் துவைக்கிறவ பேசறேன்."

"நம்ம நிலையத்தோட எவ்வளவு நாள் பழக்கம்மா?"

"கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து. ஒருநாள் விட்டதில்லை."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு மௌனம். கொல்லையில் குழாயின் வாய்க்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நின்ற வீட்டுக்காரர், உதட்டைப் பிதுக்கினார்.

"அழாதீங்க சார், நல்ல வாத்தியமா ஒண்ணு போடுங்க. டிரம் எல்லாம் சேர்த்து, நிறுத்தாம அடிக்கணும்."

"இன்னைக்கு இசை கிடையாதும்மா. நினைவுகள் மட்டும்தான். உங்க நினைவு ஏதாவது சொல்லுங்களேன்."

வெயிலக்கா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வீட்டுக்காரர் கையைக் காற்றில் ஆட்டினார். "நீ பேசறப்ப சூடு வருது. அந்த ஆள் பேசினா ஆறிப்போகுது. விடாதே, பேசு."

வெயிலக்காவுக்குப் பிறவியிலேயே பெரிய குரல். தெருமுனையில் நிற்பவரோடு வீட்டுக்குள்ளிருந்தே பேசி முடித்துவிடுவாள். அன்றைக்கு அந்தக் குரலை எடுத்து மீடியம் வேவில் விட்டாள். சுவருக்கு அப்பால் தம்பி, ஒலிபெருக்கியில் சொந்த அக்காவின் குரலைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அதுவரை படுத்துக் கிடந்த மீட்டர் முள் துள்ளித் துள்ளி ஆடியது.

எதைப் பேசுவது என்று யோசிக்க நேரமில்லை. யோசித்தால் மௌனம், மௌனமானால் ஈரம். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றிப் பேசினாள். அவர் கையை நீட்டியபடியே தலையைக் குனிந்துகொண்டார். மை கொட்டின விரிப்பை எப்படி வெளுப்பது என்று பேசினாள். பேசிக்கொண்டே போனதில், தகரக் குழாயையும் சொல்லிவிட்டாள், எதையும் காதால் கேட்காமலே கால்பந்துக்குக் கம்பளி போடுவதையும் சொல்லிவிட்டாள், லாட்ஜில் தொங்கும் வெயில் அட்டையையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது. ஒரு நொடி நிறுத்தினாள்.

"போர்வை இன்னும் ஈரம்" என்றார் வீட்டுக்காரர்.

யாரும் கேட்காத நிலையம்தானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, பல்செட் கதையை எடுத்தாள். "ஒருநாள் தலையணை உறையை உதறினேன் சார், உள்ளேயிருந்து ஒரு பல்செட் விழுந்து என்னைப் பார்த்துச் சிரிக்குது. யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எடுத்துக்கிட்டு லாட்ஜுக்குப் போனேன். வரவேற்பறையில நின்னுக்கிட்டு வர்றவங்க போறவங்க வாயையெல்லாம் பார்க்கறேன். எல்லாருக்கும் பல் இருக்கு. ஒருத்தர் மட்டும், நல்ல கோட்டு போட்டுக்கிட்டு—"

அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தம்பிக்கு மேலிடத்து உத்தரவு: குறித்த நேரத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். அவன் சுவிட்சை அழுத்தினான். விசிறி முனகிக்கொண்டே நின்றது. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

வீட்டுக்காரர் கொடி கொடியாகத் தடவிக்கொண்டு போனார். "எல்லாம் காஞ்சிடுச்சு. ஒரு போர்வை மூலை மட்டும் லேசா குளுகுளுங்குது."

இருவரும் மடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது. லாட்ஜ் மேனேஜர். அவர் ஒருநாளும் அந்த வீட்டுக்கு வந்தவரில்லை.

வெயிலக்கா கையிலிருந்த உறையோடு எழுந்தாள். "சார், வண்டியில அனுப்பலாம்னுதான்…"

மேனேஜர் நேராகக் கொல்லைக்குப் போனார். தகரக் குழாயை அண்ணாந்து பார்த்தார். அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ரிசப்ஷன் மேசைக்கு அடியில ரேடியோ வச்சிருக்கேன்மா. ஊரிலேயே இந்த நிலையத்தைக் கேட்கிறவன் நான் ஒருத்தன்தான்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒருநாள் விட்டதில்லைன்னு நீ சொன்னதும் மனசு நிறைஞ்சு போச்சு."

"இப்பவும் நீங்க ஒருத்தர்தான் சார். நான் கேட்டதில்லை."

"அதுவும் அப்புறம் சொன்னியே. கேட்டேன்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்த அட்டையை நான் என்னம்மா செய்யறது?"

வீட்டுக்காரர் விரிப்பு ஒன்றை மடித்த பிறகும் மடித்துக்கொண்டிருந்தார். வேலை போகப்போகிறது என்று இருவரும் காத்திருந்தார்கள்.

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது கிடக்கட்டும். அந்தக் கோட்டுக்காரர் யாரு?"

"எந்தக் கோட்டுக்காரர்?"

"பல்செட்மா. சொல்லிட்டே இருந்தே, பொட்டுன்னு நிறுத்திட்டாங்க. மழையில இவ்வளவு தூரம் எதுக்கு வந்தேன்னு நினைக்கறே? என் லாட்ஜ்ல நடந்தது, எனக்கே தெரியலை."

வெயிலக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த உறையை நிதானமாக நாலாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு. இனிமே மழை நாள்ல அன்னைக்கே காயாது. மறுநாள்தான் தர முடியும்."

"அப்ப கட்டிலுக்கு?"

"ரெண்டாவது செட் ஒண்ணு வாங்கிப் போடுங்க. எல்லா லாட்ஜ்லயும் அப்படித்தான். நீங்கதான் என்னை நம்பி வாங்காம இருந்துட்டீங்க."

மேனேஜர் குடையைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி, வாங்கறேன். அட்டையையும் கழட்டிடறேன். யாரு அது?"

"மாடி ரூம்ல ஒருத்தரைத் தங்க வச்சிருந்தீங்களே. ஒரு வார்த்தை பேசமாட்டார், எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். ரொம்பப் பெரிய அதிகாரி, அதான் அளந்து பேசறாருன்னு எல்லாரையும் எழுந்து நிக்க வச்சீங்களே."

மேனேஜரின் வாய் திறந்தபடி நின்றது. "பெரிய ரூமை விட்டுக் குடுத்தேனே. நான் எதிர்ல உட்காரவே இல்லையே."

"நான் பல்லைக் கையில வச்சு நீட்டினேன். வாங்கி மாட்டிக்கிட்டு அப்புறம்தான் பேச ஆரம்பிச்சாரு. குடை ரிப்பேர் பண்றவராம். வேற ஊருக்குப் போற பஸ்ஸை விட்டுட்டாராம்."

வீட்டுக்காரர் சிரித்ததை அன்றுதான் பலர் கேட்டார்கள். தெரு முழுக்கக் கேட்டது. அதன் பிறகு மழை நாட்களில் விரிப்புகள் ஒருநாள் தாமதமாகப் போயின. வண்டியோடு வெயிலக்காவும் வர வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ரிசப்ஷன் ரொம்ப அமைதியாக இருக்கிறதாம்.

ஆனால் ஒரு குறை. பல்செட் கதையின் முதல் பாதி வானத்தில் போய்விட்டது. எங்கெங்கே யார் கேட்டார்களோ தெரியாது. மீதிப் பாதி அந்தக் கொல்லையைத் தாண்டவில்லை. பாதிக் கதையைக் கேட்டுவிட்டு, கோட்டுக்காரர் யாரென்று தெரியாமல் தூரத்து ஊரில் ஒருவர் தவித்துக்கொண்டிருக்கலாம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால் இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னொருவருக்குச் சொல்லுங்கள். அவர் வேறொருவருக்குச் சொல்லட்டும். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.